அடித்துவிட்ட வரி

அந்த நோட்டு இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. வேளச்சேரியில் கைமாறி வந்த ஃபிளாட் ஒன்றை 60 லட்சத்துக்கு வாங்கிய 28 வயதுப் பெண்ணின் பேட்டி. அவர் எதையும் மறைக்கவில்லை. "அப்பா ஊர்ல நிலத்த வித்துக் குடுத்தாரு சார். இல்லேன்னா நடந்திருக்காது" என்று நான் கேட்காமலேயே சொன்னார். எழுதிக்கொண்டேன். அலுவலகம் வந்ததும் அந்த வரியை அடித்தேன்.

'28 வயதில் சொந்த உழைப்பில் சொந்த வீடு' என்று தலைப்பு வைத்தேன். ஓட்டல் சாப்பாட்டை நிறுத்தி மாதம் 3,000 ரூபாய் மிச்சம் பிடித்தார் என்பதைப் பெரிதாக்கினேன்.

கணக்கு தெரியாதவன் அல்ல நான். ரியல் எஸ்டேட் பக்கம் என் பொறுப்பு. ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த வீட்டுக்கு 80 சதவீதம், அதாவது 48 லட்சத்துக்கு மேல் கடன் கிடையாது. 12 லட்சம் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது 5 லட்சத்து 40 ஆயிரம். இந்த மொத்தத்தையும் மாதம் 3,000 வீதம் சேர்க்க 48 வருஷம் ஆகும்.

விளம்பரதாரர் மேல் பழி போட மாட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அப்பா பணம் என்று வந்தால் கட்டுரை சப்பென்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமான காரணமும் உண்டு. என் வீட்டுக்கு மாமனார் 6 லட்சம் கொடுத்தார். பத்து வருஷமாக எல்லோரிடமும் 'சிறுகச் சிறுகச் சேர்த்தேன்' என்றுதான் சொல்லிவந்தேன். அந்தப் பெண் சொன்னது அச்சில் வந்தால் என்னிடமும் யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன்.

கட்டுரை வந்த அன்று அந்தப் பெண் போன் செய்தார். "அப்பா தேடித்தேடிப் பார்த்தாரு. அவரப் பத்தி ஒண்ணும் வரலையே சார்?" இடம் போதவில்லை என்றேன். அதுவும் பொய்.

அந்தப் பக்கத்தை எங்கள் பிழைதிருத்துநர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். "உன் வயசுப் பொண்ணுதான்டா. உன்னால ஏன் முடியல?" என்று மகனைக் கேட்டிருக்கிறார். மகன் ரோஷத்தில் மனைவியின் நகையை அடகு வைத்து, 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, சேல் அக்ரிமென்ட் போட்டான். மூன்று மாதக் கெடுவுக்குள் மீதியைப் புரட்ட முடியவில்லை. அட்வான்ஸ் போயிற்று. நகை இன்னும் அடகுக் கடையில். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் பிழைதிருத்துநரிடம் நோட்டைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தாங்க சார்," என்றார். "பையன்கிட்ட காட்டணும்."