எந்தத் தெரு?

தொண்ணூறுகளில் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் நான் கைமடிப் பையன். தினம் ஒன்றரை ஷிப்டு, சனிக்கிழமை சம்பளம். எந்த ஊரென்று கேட்டால் சொல்வேன். எந்தத் தெருவென்று கேட்டால் மழுப்புவேன். சேரி என்று தெரிந்தால் வாடகை ரூம் போய்விடும்.

ஒரு ராத்திரி ஓவர்லாக் அண்ணன் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு வேறு கேசட் போட்டார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’. பாடியவர் கே.ஏ.குணசேகரன். 1968இல் வெண்மணியில் 44 பேரைக் கொன்ற தீ கண்ணுக்குள் எரிந்தது. கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது.

சூப்பர்வைசர் வந்து டேப்பை அமத்தினார். “யார்றா இதப் போட்டது? நீங்க அந்த ஆளுகளா?”

அண்ணன் வாய் திறக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர். நான்தான் சொன்னேன்: “ஆமாங்க, அந்த ஆளுகதான்.”

சனிக்கிழமை கணக்கை முடித்து அனுப்பினார்கள். சேதி பரவி ரூமும் போச்சு.

குணசேகரன் 1955இல் பிறந்தவர். இளையான்குடிப் பக்கத்துக்காரர். சாவுக்குக் கூப்பிட்ட பறையை, ‘தன்னானே’ குழுவோடு மேடையேற்றி நிமிர்ந்து அடிக்க வைத்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தார். 2005இல் வந்த அவருடைய தன்வரலாறு ‘வடு’வைப் படித்தேன். அத்தனை பெரிய குரலையும் சின்ன வயசிலிருந்தே சாதி துரத்தியிருக்கிறது. துரத்தியதை அவர் மறைக்கவில்லை, எழுதி வைத்தார்.

2016இல் அவர் காலமானார். இன்றைக்கும் ரூம் கேட்டுப் போனால் அதே கேள்விதான்: “எந்தத் தெருங்க?”

சொல்கிறேன். மெஷின் சத்தத்திலும் கேட்கிற மாதிரி.