அன்னையாரின் பசு

தந்தையார் மறைந்தபின், 2021-ஆம் ஆண்டில், அன்னையாரைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணில் உள்ள என் வாடகை வீட்டிற்கு அழைத்து வந்தேன். ஊரில் விடியுமுன் எழுந்து மாட்டுத் தொழுவத்தில் நிற்பவர் அவர். இங்கோ, மொழி புரியாமல், பகல் முழுவதும் வாய்மூடி அமர்ந்திருந்தார். அது காணப் பொறாமல், வீட்டுக்காரரின் இசைவு பெற்று, பின்புறத்து வெற்றிடத்தில் கன்றோடு ஒரு பசுவை வாங்கிக் கட்டினேன்.

அன்னையாரின் குரல் மீண்டும் வீட்டில் கேட்கத் தொடங்கிற்று. வறட்டிக்காகச் சாணம் கேட்டு வந்த அண்டை வீட்டு மராத்தி மூதாட்டி, மொழியின்றியே அவருக்குத் தோழியானார்.

நான்கு திங்கள் கழிந்தன. நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்தது. பகலெல்லாம் சரக்குக் கட்டண விதிகளைப் புரட்டும் இரயில்வே குமாஸ்தாவாகிய நான், பசு வளர்க்கவும் விதி உண்டோ என்று ஒருவரையும் கேட்டேனில்லை! நகர்ப்புறங்களில் மாடு வளர்ப்பதைக் கட்டுப்படுத்த மகாராட்டிரத்தில் 1976-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. உரிமம் வேண்டும் என்கிறது அது. கழிவுநீர் வடிய வழியற்ற என் இடத்திற்கு உரிமம் கிடைக்காது என்று கூறிவிட்டார்கள்.

சினத்தோடுதான் வீடு திரும்பினேன். மழைக்காலம் அது. தொழுவத்தின் கழிவு ஓடையில் தேங்கி, கொசு மொய்க்க, அம்மூதாட்டியின் வாசற்படியருகே நின்றது. அவர் ஒரு நாளும் அதைப்பற்றி வாய் திறந்தாரில்லை. என் சினம் வெட்கமாக மாறிற்று.

பம்பாய் நகருக்குள் நெருக்கமாக இருந்த எருமைக் கொட்டில்களை வெளியேற்றுவதற்கே, 1949-இல் கோரேகாவ் அருகே ஆரே பால் குடியிருப்பு அமைக்கப்பட்டது. மாநகரம் மாட்டை வெறுக்கவில்லை. அதற்கென ஓர் இடம் வகுத்தது. அவ்விடம் என் வீட்டுப் பின்புறமன்று.

முர்பாட் பக்கத்து உழவர் ஒருவர் பசுவையும் கன்றையும் வாங்கிக்கொண்டார். வண்டி புறப்படும்வரை அன்னையார் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "முன்னமே கேட்டிருக்கலாமே, தம்பி. அந்த வாயில்லாச் சீவனை இரண்டு தடவை இடம் மாற்றிவிட்டோமே" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இப்பொழுது மாதம் ஒருமுறை, என் ஓய்வு நாளில், அன்னையாரை அங்கே அழைத்துச் செல்கிறேன். சில வேளை மராத்தி மூதாட்டியும் உடன் வருகிறார்.

புதிதாகக் குடிவரும் அன்பர்களுக்கு ஒரு சொல்: மாடோ, ஆடோ, கோழியோ, வாங்குமுன் நகராட்சி அலுவலகத்தில் விதியைக் கேட்டறியுங்கள். வீட்டுக்காரரின் இசைவு மட்டும் போதாது. கழிவுநீர் யார் வாசலுக்குச் செல்லும் என்பதையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.