தையல் லைனில் ஒரு நல்ல வார்த்தை

திருப்பூர் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசருக்குக் கூலியை ஏற்றிக்கொடுக்கும் அதிகாரம் கிடையாது. இருப்பது வாய் ஒன்றுதான். அதையும் பெரும்பாலும் அதட்டவே செலவழிக்கிறோம். பீஸில் தப்பு வந்தால் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவோம். ஒழுங்காக வந்தால் பேச்சே வராது.

சரி, பாராட்டலாம் என்று "நல்லா பண்றீங்க" எனச் சொல்லிக்கொண்டே நடந்தால், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ராத்திரி ஓவர்டைம் கேட்கப்போகிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

டைலர் எதில் கஷ்டப்பட்டாரோ, அதைத் தொட்டுச் சொல்ல வேண்டும். டீ-சர்ட்டுக்குக் கழுத்து ஏற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் சுற்றளவைவிடக் கழுத்துப் பட்டையான ரிப்பைச் சிறிதாகத்தான் வெட்டியிருப்பார்கள். ஓவர்லாக் மெஷினில் ஓட்டும்போதே அதைச் சீராக இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுப்பு கூடிய இடத்தில் உடம்புத் துணி சுருங்கும்; குறைந்த இடத்தில் ரிப் அலையடிக்கும். இதற்கு அளவுகோல் எதுவும் இல்லை, விரல்தான்.

"அக்கா, தோள் ஜாயிண்ட் கிட்டயும் இழுப்பு மாறாம வந்திருக்குதுங்க" என்று பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். "இன்னைக்கு வந்த ரிப் கொஞ்சம் டைட்டுங்க, பாத்துதான் ஓட்டறேன்" என்பார். செக்கிங்கில் பீஸ் குவிந்த பிறகு தெரியவேண்டிய சங்கதி, அப்போதே என் காதுக்கு வந்துவிடும்.

லைன் முனையில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டு ஒன்று இருக்கும். அதைப் பார்த்து மட்டும் கைதட்டினால் எண்ணிக்கை மட்டும்தான் வரும். முனை மழுங்கிய ஊசியை மாற்றப்போனால் எண்ணிக்கை விழுமே என்று அப்படியே ஓட்டுவார்கள். துணியில் ஓட்டை விழும். அதனால் மெஷினை நிறுத்தி ஊசி மாற்றியவரிடம்தான் நான் முதலில் போய் நிற்பேன்.

தீபாவளி போனஸ் வேறு கணக்கு. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. மாலை போட்டு மேடையில் கொடுத்தாலும் அது பாராட்டு ஆகாது, அவர்கள் உரிமை. அதில் கை வைத்துவிட்டுக் கழுத்தைப் பற்றிப் பேசினால் யார் காதிலும் ஏறாது.

இப்படிப் பாராட்ட, சூப்பர்வைசருக்கு முதலில் தைக்கத் தெரிய வேண்டும். புதிதாக வருபவர்களை ஓவர்லாக்கில் உட்காரவைத்துக் கழுத்து ஏற்றச் சொல்வேன். டிப்ளமோ படித்தவனை டைலராக்குவதா என்று சிலர் முறைப்பதுண்டு. நாலு கழுத்தாவது அலையடித்த பிறகுதான் லைனில் நடக்க விடுவேன்.