ஒரு பி.பி. மாத்திரையும் இலவச பஸ்ஸும்

1) "இலவசம் கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க டாக்டர்"னு நேத்து ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அவர்கிட்ட சொன்னதை உங்ககிட்டயும் சொல்றேன்.

2) சில வருஷம் முன்னாடி தென்காசி மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில இருந்தேன். பாவூர்சத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வருவாங்க. பீடி சுத்துற வேலை. பி.பி. எப்பவும் 180-க்கு மேல. மாத்திரை இலவசம்தான். ஆனா ஒரு மாசம் வந்தா ரெண்டு மாசம் ஆளைக் காணோம்.

3) நான் திட்டுவேன். ஒரு நாள் மெதுவா சொன்னாங்க: "பீடிக்கடை காசு குழுக்கடனுக்கே போயிருது சார். பஸ்ஸுக்கு மவன்கிட்ட கேக்கணும். போன மாசம்தான போனேம்பான்."

நோய் எனக்குத் தெரிஞ்சுது. கை நீட்டுற கஷ்டம் தெரியல.

4) மே 2021-ல சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லைன்னு ஆச்சு. அந்தம்மா மாசா மாசம் வர ஆரம்பிச்சாங்க. பி.பி. இறங்குச்சு.

5) ஒரு சாரல் சீசன்ல சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. "நேத்து குத்தாலம் போயி ஐந்தருவியில குளிச்சேன் சார். பன்னெண்டு வருஷமாச்சு!" இத்தனைக்கும் அருவி கூப்பிடு தூரம். எதுக்குப் போறேன்னு கண்டக்டர் கேக்கல. அரசாங்கமும் கேக்கல.

6) ஐசையா பெர்லின் 1958-ல ஆக்ஸ்ஃபோர்டு உரையில சுதந்திரத்தை ரெண்டா பிரிச்சார். ஒண்ணு, யாரும் குறுக்கே நிக்காம இருக்கறது. இன்னொண்ணு, நம்ம வாழ்க்கையை நாமே நடத்தறது. வறுமைன்னா வருமானக் குறைவு மட்டுமில்ல, தான் மதிக்கிற வாழ்க்கையை வாழ முடியாம போறதும்தான்னு அமர்த்தியா சென் 1999-ல எழுதினார். அந்தம்மாவை எந்தச் சட்டமும் தடுக்கல. பஸ் காசு தடுத்துச்சு.

7) அதுக்காக அரசாங்கமே எல்லாம் செய்யணும்னு சொல்லல. வழியைத் திறந்துவிடணும், அப்புறம் ஒதுங்கிக்கணும். வாங்கினவங்க காலம் பூரா நன்றி சொல்லணும்னு எதிர்பார்த்தா மகன்கிட்ட கேட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அது வரிப்பணம். அந்தம்மா வாங்குற சோப்புலயும் வரி இருக்கு.

8) பஸ் எல்லாத்தையும் மாத்திடல. பீடிக் கூலி இன்னும் கம்மிதான். அந்தப் பக்கம் வேற வேலையும் அதிகம் கிடையாது. இலவசத்தைக் குறை சொல்றவங்க அதைப் பத்திக் கேட்டா நானும் கூட நிப்பேன்.

9) இப்ப யாராவது மாத்திரையை விட்டுட்டு வந்தா நான் திட்டறதில்ல. முதல்ல கேக்கறது: "எப்படிம்மா வந்தீங்க?"