பதிவாகாத ஒரு 'என்னமோ'

சுந்தரபாண்டியபுரம் என்றால் பலருக்கும் சூரியகாந்தித் தோட்டமும் 'ரோஜா' படமும்தான் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு வாய்க்கால் வழக்கும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

எங்கள் ஆச்சியின் வயலில் முன்பு வாய்க்கால் ஓடியதா, இல்லையா என்பதுதான் வழக்கு. சில வருடங்களுக்கு முன் ஆச்சி சாட்சி சொல்லப் போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "அந்த இடத்துல வாய்க்கால் ஓடுச்சுதானே?" என்று கேட்டார்.

"ஓடுச்சோ என்னமோய்யா... நான் வாக்கப்பட்டு வந்தப்ப வெறும் பள்ளமாத்தான் கெடந்துச்சு" என்றாள் ஆச்சி.

வாக்குமூலத்தில் ஏறிய வரி இது: 'நான் திருமணமாகி வந்தபோது அங்கு வாய்க்கால் பள்ளம் இருந்தது என்றால் சரிதான்.'

யாரும் வேண்டுமென்று மாற்றி எழுதவில்லை. சாட்சியத்தைப் பெரும்பாலும் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. இரண்டையும் சேர்த்து, சாட்சியே சொன்னதுபோல ஒரே வாக்கியமாக்கித் தட்டச்சு செய்கிறார்கள். அப்படிச் சேர்த்ததில் ஆச்சியின் 'என்னமோ' விழுந்துவிட்டது. வக்கீலின் வாய்க்கால், ஆச்சியின் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டது. வாசித்துக் காட்டிய வேகத்தில் ஆச்சிக்கு எதுவும் பிடிபடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிறகு அந்த ஒரு வரியை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வாதாடியது.

"ஆச்சி அப்படிச் சொல்லலையே சார்" என்றேன் எங்கள் வக்கீலிடம். "நீ கேட்டே, நானும் கேட்டேன். காட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

இத்தனைக்கும் சட்டம் கதவைச் சாத்தவில்லை. 2002 ஜூலையில் அமலுக்கு வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தம், சாட்சியத்தை எழுத்திலோ, இயந்திரம் மூலமோ பதிவு செய்யலாம் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, போலீஸ் ஒரு வீட்டைச் சோதனையிட்டால் அதை ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். மொபைல் போனிலேயே எடுக்கலாம். தொழில் திட்டங்களுக்கு நடக்கும் சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டங்களை முழுவதுமாக வீடியோ எடுக்கச் சொல்லி 2006-லேயே மத்திய அரசின் அறிவிக்கை வந்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று நேரலைக்குச் சம்மதம் சொன்னது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை நாம் போனிலேயே பார்க்கிறோம். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1955 முதல் வாதங்களை ஒலிப்பதிவு செய்துவருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், அங்கெல்லாம் பேசுவது வக்கீல்கள். தங்கள் வாதத்தை எழுத்திலும் கொடுக்கத் தெரிந்தவர்கள். ஊர்ப் பேச்சைத் தவிர வேறு பேச்சறியாத சாட்சிகள் நிற்பது கீழமை நீதிமன்றக் கூண்டில். ஒலிப்பதிவு முதலில் தேவைப்படுவதும் அங்கேதான்.

'பதிவு செய்தால் நாளைக்கே ரீல்ஸாக வந்துவிடாதா? சாட்சிகள் பயப்பட மாட்டார்களா?' என்று கேட்கலாம். நியாயமான பயம். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிற எனக்கு, முப்பது விநாடித் துண்டு ஒன்று என்னவெல்லாம் செய்யும் என்று தெரியும். ஆனால், பதிவு செய்வது வேறு, வெளியிடுவது வேறு. இங்கிலாந்தில் நீதிமன்ற அனுமதியின்றி நாமாக ஒலிப்பதிவு செய்தால், 1981-ம் வருடச் சட்டப்படி அது நீதிமன்ற அவமதிப்பு. அதே நாட்டின் கிரௌன் கோர்ட்டுகள் விசாரணையைத் தாங்களே ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்கின்றன.

ஒரு நடிகரின் பேட்டியை எழுதும்போதுகூட, ஒரு வார்த்தையில் சந்தேகம் வந்தால் ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுக் கேட்கிறோம். ஒருவருடைய நிலமும் சிறைவாசமும் முடிவாகிற இடத்தில் அந்த வசதி இருக்க வேண்டாமா?

தட்டச்சு செய்த வாக்குமூலமே ஆவணமாக இருக்கட்டும். பக்கத்தில் நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒரு மைக் இருக்கட்டும். ஒரு வரியில் தகராறு வந்தால், நீதிபதி முன்னிலையில் இரு தரப்பும் அதைப் போட்டுக் கேட்கட்டும். பாலியல் வழக்குகள், குழந்தைகளின் வழக்குகளில் அந்தப் பதிவு நீதிபதியைத் தாண்டி எங்கும் போகாமல் பூட்டி வைக்கட்டும். நேரலையெல்லாம் மெதுவாக வரலாம். சாட்சி சொன்னது சொன்னபடி ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.