உரப்பையும் பெயர்ப்பட்டியலும்

உரப்பைகளை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி இரணைமடு வாய்க்கால் ஓரமாக வரும் காட்சி, மீள்குடியேறிய பின்னரான என் சிறுபராயத்து நினைவுகளுள் ஒன்று. 2005ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மானியத் திட்டத்தின்படி, 50 கிலோ உரப்பை 350 ரூபாவுக்குக் கிடைத்த காலம் அது. எவர் வீட்டில் எத்தனை பை இறங்கிற்று என்பதை ஊரே பார்த்தது. மானியம் பெறுவோரின் பட்டியலை எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

2016ஆம் ஆண்டில், நெற்செய்கையாளருக்கு உரத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் வைப்பிலிடும் முறை வந்தது. இடையில் கைவிடப்பட்ட அம்முறை 2022ஆம் ஆண்டுப் பெரும்போகத்தில் மீண்டும் வந்தது. ஏற்றி இறக்கும் செலவு அதனால் குறையும் என்பது உண்மையே. ஆயினும் பணம் ஓசையின்றி வருவது. அது யாருக்கு வந்தது என்பதை அயலவர் அறியார்.

என் தந்தையார் குத்தகைக்கு வயல் செய்பவர். உழுவதும் விதைப்பதும் அவர். கடன்பட்டு உரம் வாங்குவதும் அவரே. பதிவிலுள்ளதோ காணிக்காரரின் பெயர். சென்ற பெரும்போகத்து மானியம் அப்பெயருக்கே போயிற்று. குத்தகையில் அது கழிக்கப்படவுமில்லை. விபரம் அறிய அலுவலகத்துக்குச் சென்ற எனக்கு, "அது ஆக்களின்ர தனிப்பட்ட விசயம்" என்ற பதிலே கிடைத்தது.

அப்பதிலை முற்றாக ஒதுக்கிவிடவும் இயலவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் விவசாய மானியம் பெற்றோரின் பெயர்களையும் தொகைகளையும் வெளியிட்டபோது, ஜேர்மனிய விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். தனியாட்களின் பெயர்களை வேறுபாடின்றி வெளியிடுதல் அளவுமீறியது என 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தது. 2013இல் இயற்றப்பட்ட புதிய விதி, சிறுதொகை பெறுவோரின் பெயர்களை மறைத்து, ஏனையோரின் பெயர்களை மீண்டும் வெளியிடச் செய்தது. அந்தரங்கத்துக்கும் பொதுப்பணத்துக்கும் இடையே வரம்பு கட்டலாம் என்பதற்கு இது சான்று.

நமது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமும், பொதுநலனோடு தொடர்பற்ற தனிப்பட்ட தகவலை மறுக்கவே இடமளிக்கிறது. பொதுப்பணத்தை எவர் பெற்றார் என்பது அத்தகையதாகுமா? அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போம் என்றேன். தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை.

"காணிக்காரர் அறிஞ்சால் வாற போகம் காணி தரமாட்டார், தம்பி" என்றார்.

அதன் பின்னரே ஒன்றை உணர்ந்தேன். கேட்டால்தான் தகவல் என்பது, கேட்க அஞ்சுபவனுக்குத் தகவல் இல்லை என்பதாகவே முடிகிறது. யாரிடம் காணி இல்லையோ அவனே அதிகம் அஞ்சுகிறான். ஆகவே, எந்த வயலுக்கு, யார் பெயரில், எவ்வளவு வழங்கப்பட்டது, அதனைச் செய்கைபண்ணியவர் யார் என்னும் விபரங்கள், போகந்தோறும், எவரும் கேளாமலே, கமநல சேவை நிலையத்தின் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். அப்போது எவரும் எவர்மீதும் முறையிட வேண்டியதில்லை. அன்று உரப்பைகள் ஊரறியச் சொன்னதை இனிப் பட்டியல் சொல்லும்.