எதுவரை போகிறது என்று பார்

தம்பி, சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் வாங்கி வைப்பது விண்டோஸ் ஏற்றிய பென்டிரைவைத்தான். அது பையில் இருந்தால் கை சும்மா இருக்காது. பில் போடுகிற கம்ப்யூட்டரில் குடோன் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா, உடனே "ஃபார்மட் அடிச்சிடலாமாண்ணே?" காரணம் தெரியாமல் ஃபார்மட் அடித்துச் சரியானாலும், அதே கோளாறு மறுபடி வரும்போது நீ அதே இடத்தில்தான் நிற்பாய்.

கடைக்காரர், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, நாங்க எதையும் தொடலை" என்பார். பொய் இல்லை. நெட் கனெக்‌ஷன் ஆள் வந்து பழைய ரூட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போயிருப்பான். அதை அவர் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார். "என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் யாருக்கும் வாய் அடைத்துக்கொள்ளும். "இந்த வாரம் இங்க யாராவது வேலைக்கு வந்தாங்களா?" என்று கேள். டீ வருவதற்குள் பாதிக் கதை வந்துவிடும்.

மீதியைக் கம்ப்யூட்டரிடம் கேள், கிட்டத்தில் தொடங்கி. கேபிள் மாட்டிய போர்ட்டில் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் முதலில் கேபிளையும் சுவிட்சையும் பார். எரிந்தால் ஐபிகான்ஃபிக் தட்டு. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரூட்டர் மாற்றிய கடையில் வேறொன்றும் நடக்கும். பில் கம்ப்யூட்டரில் புது ரூட்டர் கொடுத்த 192.168.0.5; குடோனில் எவரோ எப்போதோ கையால் போட்ட 192.168.1.10. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0, ஆகவே முதல் மூன்று எண்களும் ஒத்துப்போக வேண்டும். இங்கே மூன்றாவது உதைக்கிறது. ஒரே சுவிட்சில் பக்கத்துப் பக்கத்து போர்ட்டில் இருந்தும், பில் கம்ப்யூட்டர் குடோனை வெளியூர் ஆள் என்று நினைத்து ரூட்டரிடம் கொடுத்தனுப்பும். போனது குடோனுக்குப் போய்ச் சேராது. கடைக்காரர் யூடியூப் ஓடுவதைக் காட்டி, "நெட் நல்லாத்தானே வருது" என்று வாதாடுவார். வாதாடட்டும். ரூட்டர் வழியாக வெளியே போக வழி இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, குடோனுக்கு அல்ல.

பிங் நிரலை 1983 டிசம்பரில் அமெரிக்காவில் மைக் மூஸ் எழுதினார். அவர் வேலை பார்த்த இடத்திலும் நெட்வொர்க் மக்கர் செய்ததுதான் காரணம். நீயும் அந்த பிங்கை வரிசையாக அடித்துப் பார்: முதலில் 127.0.0.1, அதாவது உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரே, பிறகு ரூட்டர், பிறகு எதிர்க் கம்ப்யூட்டர். எதுவரை பதில் வருகிறதோ அதுவரை நல்லது. பதில் வராத இடத்தில்தான் நிதானம் வேண்டும். பப்ளிக் என்று குறித்த நெட்வொர்க்கில் விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாக பிங்குக்குப் பதில் சொல்ல விடாது. ஒரே நெட்வொர்க்கில் இருந்தும் பதில் இல்லை என்றால் ஏஆர்பி பட்டியலைப் பார். எதிர்க் கம்ப்யூட்டரின் மேக் முகவரி அதில் வந்திருந்தால் ஆள் இருக்கிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறது. பேசாமல் இருப்பவரெல்லாம் பகையாளி இல்லை என்பது எனக்கு என் அண்ணன் விஷயத்தில் தெரியும். அது வேறு கதை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஐந்தைச் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்று உனக்கே தெரியாது, மற்ற நான்கும் அங்கேயே கிடக்கும். சோதிக்க ஃபயர்வாலை அணைத்தாயானால், திரும்பப் போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திரு. அணைத்தபடியே விட்டால் எல்லாம் ஓடும், கடைக்காரரும் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார். அதனால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

குடோன் கம்ப்யூட்டரில் கையால் போட்ட முகவரியை எடுத்துவிட்டு, அதற்கு ரூட்டரிலேயே ஒன்றை ஒதுக்கிவிடு. அந்த எண்ணையும் தேதியையும் ஸ்டிக்கரில் எழுதி கேபினட்டில் ஒட்டு. இனி ரூட்டர் மாற்ற ஆள் வந்தால், அவன் ஏணியில் ஏறுவதற்கு முன்னால் உனக்கு ஒரு போன் போடச் சொல்லிவிட்டு வா.